நீர்க்காலை நீர்க்காலாகவே விடுங்கள்

போன ஞாயிறு ஆராதனையில் முதலாம் சங்கீதம் வாசித்தார்கள். "நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்டு" என்ற இடம் வந்ததுமே எங்கள் ஊர் வாய்க்கால் கண்ணில் நின்றது. பிரசங்கியாரோ மரம் என்றால் விசுவாசி, தண்ணீர் என்றால் வசனம், கனி என்றால் நற்கிரியை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். அந்த மரத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க விட்டிருக்கலாம். எனக்கு மனசு ஆறவே இல்லை.

நீர்க்கால் என்பது ஆறு இல்லை. எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்குப் பிரித்தல் என்பதுதான் வேர். யாரோ வெட்டிப் பிரித்துக் கொண்டுவந்த தண்ணீர். மரமும் தானாக முளைக்கவில்லை, நடப்பட்டது. நீதிமொழிகள் 21:1-இலும் இதே நீர்க்கால்தான். ராஜாவின் இருதயத்தைக் கர்த்தர் அப்படித் திருப்புகிறாராம். முறைத் தண்ணீர் வரும் நாட்களில் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா மண்வெட்டியோடு கிளம்புவார், நான் டார்ச் பிடிப்பேன். ஒரு மடையை வெட்டிவிட்டு அந்த மண்ணாலேயே அடுத்ததை அடைத்து மிதிப்பார். தண்ணீர் சத்தமில்லாமல் திரும்பிவிடும். ஒரு ராஜாவின் மனசு அவ்வளவுதான் என்று எழுத எவ்வளவு தைரியம் வேண்டும்!

126-ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே. "கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்" என்பது எல்லோர் வீட்டுக் காலண்டரிலும் இருக்கும். அதற்கு முந்தின வசனத்தை யாரும் போடுவதில்லை. "தெற்கத்தி வெள்ளங்கள்" என்று வருகிறதே, அது யூதாவுக்குத் தெற்கே உள்ள வறண்ட பூமி. வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கும் ஓடைகளில் மாரி மழைக்குத் திடீரென்று வெள்ளம் வரும். ஜூன் 12 மேட்டூர் திறப்பார்கள் என்று நாள் எண்ணி, வெடித்துக் கிடக்கும் வாய்க்காலில் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் வருவதைப் பார்த்த கடைமடைக்காரர்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

அப்புறம் அந்த அழுகை. விதை என்பது குதிரில் மிஞ்சிய கடைசித் தானியம், பிள்ளைகளுக்குப் பொங்கிப்போடக்கூடியது. அதைத்தான் அள்ளி மண்ணில் போடுகிறான். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

அவன் "தான் அறுத்த அரிகளை" சுமந்து திரும்புகிறான். அங்கே விளைந்தது கோதுமையும் வாற்கோதுமையும்தான், நெல் இல்லை. ஆனால் மொழிபெயர்த்தவர்கள் கதிர், தாள் என்றெல்லாம் போகாமல் அரி என்று போட்டார்களே, அந்தக் கைக்குக் கும்பிடு போடலாம். அறுத்து அறுத்துப் பிடி பிடியாக வயலில் போடுவதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அறுப்பு மிஷின் வந்த பிறகு பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை.

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை அறுப்பு சமயத்தில் ஒரு நாள் வயலுக்கு அழைத்துப்போகலாமா என்று சபையில் கேட்டிருக்கிறேன். ஒரு மூலையை மிஷின் ஓட்டாமல் விட்டால் தானே அறுத்து அரி போட்டுக் காட்டுவதாக அம்மா சொல்லியிருக்கிறாள்.