ஆமாம், குட்டி என்று எழுதியது நான்தான்

நேற்று மதியத்திலிருந்து என் பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டைனோசர்களைப் பற்றி 2021-ல் நான் எழுதிய பதிவின் ஸ்கிரீன்ஷாட். ‘நானோடைரனஸ் என்று தனி விலங்கே கிடையாது, அது டி. ரெக்ஸின் குட்டி, விவாதம் முடிந்தது’ என்ற வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. மேலே, அதைப் பகிர்ந்த அண்ணனின் கேள்வி: “என்ன தம்பி, உங்க விஞ்ஞானிங்க மறுபடியும் மாத்திட்டாங்களா? அடுத்த வாரம் என்னவாம்?” அதற்கு நூற்றுச்சொச்சம் சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் எனக்கு நேரில் தெரிந்தவர்கள். பரவாயில்லை.

சரி, பதில் சொல்கிறேன். நான் எழுதியது தப்பு. நானோடைரனஸ், டி. ரெக்ஸ் என்ற ராட்சத ஊனுண்ணி டைனோசரின் குட்டி இல்லை, தனி விலங்குதான் என்று இப்போதைய ஆய்வுகள் சொல்கின்றன. ‘விவாதம் முடிந்தது’ என்று எழுதியது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் அண்ணே, மாற்றிக்கொள்வது கேவலம் என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டுத்தான் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள். எனக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகாத இடம் அதுதான்.

மாற்றியது யார், எப்படி மாற்றினார்கள் என்று ஒருவராவது கேட்டீர்களா? 1942-ல் அமெரிக்காவின் மொன்டானாவில் ஒரு மண்டையோடு கிடைத்தது. முதலில் டி. ரெக்ஸின் உறவுக்கார டைனோசரான கோர்கோசாரஸ் வகையில் சேர்த்தார்கள். 1988-ல் ராபர்ட் பேக்கரும் உடன் ஆய்வு செய்தவர்களும் நானோடைரனஸ் என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். 1999-ல் தாமஸ் கார், இது டி. ரெக்ஸ் குட்டி என்று வாதிட்டார். 2020-ல் ஹாலி உட்வர்டின் குழு அதைப் போன்ற ஜேன், பீட்டி என்ற இரண்டு எலும்புக்கூடுகளின் கால் எலும்புகளைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தது. மரத்தில் இருப்பதுபோல எலும்பிலும் ஆண்டு வளையம் உண்டு. வளர்ச்சி நின்றுவிட்டால் வெளி ஓரத்தில் வளையங்கள் நெருக்கியடித்துக்கொள்ளும். இவற்றில் அந்த நெருக்கம் இல்லை. குறைந்தது 13, 15 வயது, இரண்டும் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தவை. அதைப் படித்துவிட்டுத்தான் நான் அந்தப் பதிவைப் போட்டேன். கனவு கண்டு எழுதவில்லை.

இப்போது கவனியுங்கள், சிரித்தவர்களும் கவனியுங்கள். அந்த வளைய ஆய்வு இன்றைக்கும் பொய்யாகவில்லை. அவை வளர்ந்துகொண்டிருந்தன என்பது சரி. வளர்ந்து என்னவாகும் என்று ஊகித்த இடத்தில்தான் சறுக்கல்.

2025 அக்டோபரில் லிண்ட்சே ஸானோவும் ஜேம்ஸ் நாப்போலியும் ‘நேச்சர்’ இதழில் எழுதியது வேறொரு எலும்புக்கூட்டைப் பற்றி. மூன்று கொம்பு டைனோசரான டிரைசெராடாப்ஸ் ஒன்றோடு சேர்ந்து புதைந்திருந்ததால் ‘சண்டை போடும் டைனோசர்கள்’ என்று பெயர் வாங்கிய ஜோடியில் ஒன்று. அதன் வளையங்கள் ஓரத்தில் நெருங்கியிருக்கின்றன. சுமார் 20 வயது. வளர்ச்சி முடிந்துவிட்டது. எடையோ ஏறக்குறைய 700 கிலோ, பெரிய டி. ரெக்ஸில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கை மட்டும் அந்தப் பெரியதைவிடப் பெரிது! எந்தக் குட்டியும் வளர வளரக் கையைச் சின்னதாக்கிக்கொள்ளாது. பல்லின் எண்ணிக்கை, வாலெலும்பின் எண்ணிக்கை எதுவும் ஒத்துப்போகவில்லை. டி. ரெக்ஸ் குடும்பமான டைரனோசார்களின் இருநூறுக்கும் மேற்பட்ட புதைபடிவங்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறார்கள். ஜேன் எலும்புக்கூட்டையும் நானோடைரனஸிலேயே இன்னொரு இனமாகப் பிரித்துவிட்டார்கள். டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் கிறிஸ்டோபர் கிரிஃபின் குழு, அந்தப் பழைய 1942 மண்டையோட்டையே எடுத்துக்கொண்டது. கால் எலும்பு இல்லாத மண்டையோட்டில் வயது பார்க்க வழியில்லை என்றிருந்தது. இவர்கள் அதோடு கூடவே கிடைத்த தொண்டை எலும்பை அறுத்துப் பார்த்தார்கள். அதுவும் குட்டி இல்லை.

இதைத்தான் அண்ணன் “மாத்திட்டாங்களா” என்கிறார். எண்பது வருஷத்துக்கு மேல் ஒரு மண்டையோட்டை விடாமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குப் பெயர் மாற்றிப் பேசுவதாம்.

இதில் எனக்கு ஒரு சொந்த வலி இருக்கிறது. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். என் உயரம் நான்கடி பத்தங்குலம். இருபத்தேழு வயதில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது வாசலில் இருந்த காவலாளி, “தம்பி, அப்பா உள்ளே இருக்காரா? இப்படி உட்காரு, வந்துடுவார்” என்று நாற்காலி போட்டுக் கையில் ஒரு மிட்டாயும் கொடுத்தார். நல்ல மனிதர், கோபமே வரவில்லை. மிட்டாயைச் சாப்பிட்டேன். உள்ளே இருந்தவர்கள்தான் சான்றிதழில் பிறந்த தேதியை இரண்டு முறை பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். ஆளைப் பார்த்து வயதைச் சொல்லாதீர்கள் என்று ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய நான், வளர்ந்து முடித்த ஒரு விலங்கைக் குட்டி என்று எழுதியிருக்கிறேன். அக்டோபரில் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். அப்புறம் கொஞ்சம் வெட்கம்.

நேற்று கமெண்டில் ஒருவர், ‘குட்டியைப் பற்றிக் குட்டிக்குத் தெரியாதா?’ என்று எழுதியிருந்தார். அண்ணன் அதற்கு ஹார்ட் போட்டிருந்தார். பார்த்தேன் அண்ணே.

விடுங்கள். “இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னா எதைத்தான் நம்புறது?” என்று கேட்பவர்களுக்கு: ஓவிராப்டர் என்ற டைனோசரை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கோலியாவில் 1923-ல் முட்டைகளின் மேல் கிடந்தது. அடுத்த வருஷமே ‘முட்டைத் திருடன்’ என்று பொருள்படப் பெயர் வைத்துவிட்டார்கள். 1993-ல் அதே மாதிரி முட்டைக்குள் கரு கிடைத்தது. பார்த்தால் அது ஓவிராப்டர் குடும்பத்துக் கரு. திருட வரவில்லை, சொந்த முட்டை. ஏறக்குறைய எழுபது வருஷம் ஒரு பெற்றோரைத் திருடன் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பழியைத் துடைத்தது யார்? என் பழைய பதிவுக்குச் சிவப்புக் கோடு போட்டவர்களா? அதே துறைக்காரர்கள்தான். பெயர் வைக்கும் விதிப்படி அந்தப் பெயரை மட்டும் மாற்ற முடியாமல் இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது. எனக்கு அதுவும் வருத்தம்தான்.

பில்ட்டவுன் மனிதன் மோசடியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. நேற்று மூன்று பேர் வந்தார்கள். 1912-ல் மனித மண்டையோட்டோடு மனிதக்குரங்கின் தாடையைச் சேர்த்து ஆதிமனிதன் என்று ஏமாற்றினார்கள், சரி. 1953-ல் அதை ரசாயனச் சோதனையில் பிடித்து உலகத்துக்குச் சொன்னதும் விஞ்ஞானிகள்தானே? அந்தப் பாதி உங்கள் ஃபார்வர்டில் எப்படி விட்டுப்போகிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை.

“நீ மட்டும் அன்னிக்கு அவ்வளவு திமிரா எழுதலையா?” என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். எழுதினேன். 1988-லிருந்தே நானோடைரனஸ் தனி விலங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களை அந்தப் பதிவில் கேலி செய்திருந்தேன். நியாயமான கேள்விதான், பதில் இல்லை. “இதெல்லாம் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?” என்பவர்களுக்கும் பதில் இல்லை, ஆனால் அது வேறு காரணத்துக்காக.

உண்மையில் கோபப்பட வேண்டிய இடம் எது தெரியுமா? அந்தச் ‘சண்டை போடும்’ ஜோடி 2006-ல் தனியார் நிலத்தில் கிடைத்தது. 2013-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. கேட்ட விலை வராததால் விற்கவில்லை. புதைபடிவம் கனிமமா இல்லையா, யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்தது. 2020-ல்தான் வட கரோலினா அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கு ஏலத்தில் ஒருவர் இன்னும் கொஞ்சம் கையைத் தூக்கியிருந்தால் அது யாருடைய வரவேற்பறைக்காவது போயிருக்கும். எலும்பை யார் அறுக்க விடுவார்? நானும் இன்றைக்கு வரைக்கும் குட்டி, குட்டி என்றே எழுதிக்கொண்டிருப்பேன்.

2024-ல் ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசரின் எலும்புக்கூடு ஏலத்தில் 4.46 கோடி டாலருக்குப் போனது. வாங்கியவர் அதை அருங்காட்சியகத்துக்கு இரவல் கொடுத்திருக்கிறார் என்பீர்கள். கொடுத்திருக்கிறார், இரவல்தான். 2025 ஜூலையில் ஒரு செராடோசாரஸ் குட்டி, நிஜமாகவே குட்டி, 3 கோடி டாலரைத் தாண்டியது. தாமஸ் காரே 2025-ல் ஒரு கணக்கு எடுத்தார். ஆமாம், 1999-ல் குட்டி என்று சொன்ன அதே கார். பொது அமைப்புகளிடம் இருக்கும் டி. ரெக்ஸ் புதைபடிவங்கள் 61, தனியார் கைக்குப் போனவை 71. எது குட்டி, எது பெரியது என்று தீர்க்க வேண்டுமென்றால் குட்டிகள் வேண்டும். குட்டிகளையும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதைப் பற்றிப் போன வருஷம் இதே பக்கத்தில் எழுதினேன். பதினோரு லைக். அண்ணன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுக்கத்தான் நான்கு வருஷம் கீழே போய்த் தேட நேரம் இருந்திருக்கிறது.

பழைய பதிவை அழிக்கச் சொல்லி இரண்டு நண்பர்கள் உள்பெட்டியில் வந்தார்கள். அழிக்கப்போவதில்லை. அதன் மேலேயே ‘இது தவறு, 2025 அக்டோபர் ஆய்வைப் பார்க்கவும்’ என்று சேர்த்திருக்கிறேன். அண்ணன் அடுத்த முறை எடுக்கும்போது அந்த வரியும் படத்துக்குள் விழுகிற மாதிரி எடுத்தால் போதும்.