அது குப்பை இல்லை, அக்கா!

தம்பி: அக்கா, ஜன்னலோரம் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்ததே, எங்கே?

அக்கா: ஈரப் பஞ்சு அடைத்து வைத்திருந்ததே, அதுவா? கழுவிக் கவிழ்த்துவிட்டேன். ஒரு மாதிரி வாடை அடித்தது.

தம்பி: ஐயோ, அது பையனுக்கு வீட்டிலேயே நான் நடத்துகிற பாடம், ஆறு நாள் ஆக்டிவிட்டி! உள்ளே பயறு இருந்ததே?

அக்கா: இருந்தது, முளைத்தும் இருந்தது. ஆனால் வேர் என்னடா அப்படி? இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு, பார்த்தால் கேள்விக்குறி மாதிரி.

தம்பி: பாடமே அதுதான். தினமும் விதையைத் திருப்பித் திருப்பி வைப்போம். எப்படி வைத்தாலும் வேர் வளைந்து கீழே போகும், தண்டு மேலே போகும். புவியீர்ப்பு! அவன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் மண்ணில் போடாமல் கண்ணாடியில் வைத்தேன்.

அக்கா: ஆறு நாளாக அந்த விதையைப் புரட்டிக்கொண்டே இருந்தாயா? அப்புறம் கேள்விக்குறியாக முளைக்காமல் வேறு எப்படி முளைக்கும், அதுவும் இந்த வீட்டில்?

தம்பி: தூக்கிப் போட்டுவிட்டாயா?

அக்கா: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மண்ணில் ஊன்றிவிட்டேன். விதைக்குள் இருக்கிற சத்து தீர்ந்துபோனால் வெறும் பஞ்சைத் தின்றா அது வளரும்?

தம்பி: சரி போகட்டும். மேஜையில் பத்துக் கிண்ணம் இருந்ததே, மொச்சை போட்டு?

அக்கா: அடுப்பில் இருக்கிறது.

தம்பி: எது அடுப்பில் இருக்கிறது?

அக்கா: மொச்சைதான். காலையில் ஊறப்போட்டேன், இப்போது வேகிறது. ஒரு கைப்பிடி மொச்சைக்குப் பத்துக் கிண்ணம் எதற்கு? கழுவியே எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

தம்பி: அக்கா, அது கணக்கு! ஒரு கிண்ணத்துக்குப் பத்து, பத்துக் கிண்ணத்துக்கு நூறு. பத்து ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு பத்து, பத்துப் பத்துகள் சேர்ந்தால் ஒரு நூறு என்று குழந்தை கையால் தொட்டுப் புரிந்துகொள்வதற்காக வைத்தது. மூன்று நாள் எண்ணி எண்ணி வைத்தான்.

அக்கா: நூறு இல்லை, தொண்ணூற்றேழு. மூன்றில் வண்டு இருந்தது, எடுத்துப் போட்டேன். கழித்தலையும் நானே சொல்லிக்கொடுத்ததாக வைத்துக்கொள்.

தம்பி: கணக்கை வேகவைத்துவிட்டாயே!

அக்கா: கணக்கில் உப்புப் போடலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்.

(இதை எழுதுகிற நான் அக்கா பக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிண்ணம் கழுவினவர்களுக்குத்தான் தெரியும்.)

தம்பி: இரு. அட்டையில் ஒட்டின எழுத்துகள்? உப்புத்தாளில் வெட்டினது, சொரசொரவென்று இருக்குமே?

அக்கா: அது எழுத்தா? இரும்புச் சட்டி துருப்பிடித்துக் கிடந்தது. உப்புத்தாள் கண்ணில் பட்டது, எடுத்துத் தேய்த்தேன். சட்டியைப் பார், எப்படி மின்னுகிறது.

தம்பி: எந்த எழுத்து?

அக்கா: நான் என்ன படித்துப் பார்த்தா தேய்த்தேன்? சுழித்து விட்டிருந்தது. 'ழ' என்று நினைக்கிறேன்.

தம்பி: அவனுக்கு வராத ஒரே எழுத்து அதுதான்! விரலால் அந்தச் சொரசொரப்பைத் தடவிக்கொண்டே ஒலியைச் சொன்னால் எழுதும் வடிவம் கைக்குள் இறங்கும். மாண்டிசோரி முறை.

அக்கா: உனக்கும்தான் 'ழ' வராது. பன்னிரண்டு வயது வரை 'வாளைப்பளம்' என்றுதான் கேட்பாய். நாக்கில் வராத 'ழ' சட்டியில் எவ்வளவு நன்றாக வருகிறது பார்.

தம்பி: சுவரில் இருந்த நிலாக்கள்?

அக்கா: அதை நான் தூக்கிப் போடவில்லை. கலைந்து கிடந்தது, ஒழுங்காக அடுக்கி ஒட்டியிருக்கிறேன். பெரிய நிலா முதலில், சின்ன நிலா கடைசியில்.

தம்பி: கலைந்து கிடக்கவில்லை அக்கா! அவன் தினமும் ராத்திரி பார்த்து வரைந்தது, பதினேழு நாள் படம். ஒரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் 29½ நாள். சின்னதில் தொடங்கி, பெரிதாகி, திரும்பச் சின்னதாக வேண்டும். நீ அடுக்கினதில் வளர்பிறையே இல்லை.

அக்கா: இல்லாவிட்டால் என்ன? உன் முகத்துக்குத் தேய்பிறைதான் பொருத்தம்.

தம்பி: விளையாடாதே அக்கா. நாங்கள் சும்மா பொழுது போக்கவில்லை. 1907-ல் மரியா மாண்டிசோரி ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெருக்குவது, தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, எல்லாமே அங்கே பாடம். குழந்தையின் கைக்கு வேலை கொடுத்தால் மூளை தானாக வளரும். நிஜமான பொருள், நிஜமான வேலை.

அக்கா: நல்ல அம்மாளாக இருக்கிறாரே. 1907-லேயே சொல்லிவிட்டார், சரி. அப்படியானால் நேற்று நான் பெருக்கும்போது பையன் ஆசையாக வந்து துடைப்பத்தைப் பிடித்தானே, "தூசி, தொடாதே" என்று வெடுக்கென்று பிடுங்கினது யார்?

தம்பி: அது வந்து... அவனுக்குப் பெருக்கும் நேரம் பதினொன்றே கால். அதற்குத் தனியாகச் சின்னத் துடைப்பம் இருக்கிறது.

அக்கா: பார்த்தேன், மூன்று நிறத்தில். அதைக் கொடுத்து, தரையில் காகிதத் துண்டுகளை நீயே தூவி, நீயே சாக்பீஸில் கட்டம் போட்டு, "இந்தக் கட்டத்துக்குள் கூட்டித் தள்ளு" என்றாய். வீட்டில் நிஜக் குப்பைக்கா பஞ்சம்? குப்பையைக் கூட வெட்டித் தயாரிக்கிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன்.

தம்பி: அது குப்பை இல்லை, அக்கா.

அக்கா: தெரியும், ஆக்டிவிட்டி. அந்தக் காகிதத்தையும் கூட்டித் தள்ளிவிட்டேன், கட்டத்துக்குள் இல்லை, தொட்டிக்குள்.

தம்பி: உனக்கு இதெல்லாம் கேலியாக இருக்கிறது. குழந்தையின் மனது எப்படி வேலை செய்கிறது என்று எத்தனை பேர் ஆராய்ந்திருக்கிறார்கள் தெரியுமா? பியாஜே என்று ஒருவர். ஒரே அளவு தண்ணீர் இரண்டு டம்ளரில் இருக்கும். குழந்தையின் கண்முன்னாலேயே ஒன்றை ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றி ஊற்றினால், நான்கைந்து வயதுக் குழந்தை உயர டம்ளரில்தான் நிறைய இருக்கிறது என்று சொல்லும். ஏழு வயது வாக்கில்தான் இரண்டும் ஒன்று என்று புரியும். நான் வாரம் ஒரு தடவை அவனுக்குச் செய்து காட்டுகிறேன்.

அக்கா: இதற்கு ஆராய்ச்சியா? உனக்கு ஐந்து வயது இருக்கும்போது அம்மா பழச்சாறு கலந்து நம் இரண்டு பேருக்கும் பிரித்துக்கொள்ளச் சொல்வாள். உன்னுடையதை ஒல்லி டம்ளரில் ஊற்றுவேன், விளிம்பு வரை நிற்கும். நீ ஊரையே ஜெயித்த மாதிரி தூக்கிக்கொண்டு ஓடுவாய். நான் அகலக் கிண்ணத்தில் இரண்டு பங்கு குடிப்பேன். பியாஜேயை எனக்குத் தெரியாது, தம்பியைத் தெரியும்.

தம்பி: இரண்டு பங்கா?

அக்கா: ஏழு வயது வரைக்கும். அப்புறம் உனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த மனிதர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

(தம்பி இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசவில்லை. முப்பது வருஷப் பாக்கியைக் கூட்டிப் பார்த்திருப்பார் போல.)

அக்கா: அது இருக்கட்டும், இன்றைக்கு அருங்காட்சியகம் எப்படி இருந்தது? என்ன பார்த்தான்?

தம்பி: வண்ணத்துப்பூச்சி அரங்குக்காகவே போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசை வரிசையாக ஊசி குத்தி வைத்திருக்கிறார்கள், என்னென்ன நிறம்! பதினான்கு பக்கத்துக்கு ஒர்க்‌ஷீட் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன்.

அக்கா: அவனுக்குப் பிடித்ததா?

தம்பி: லிஃப்ட் பிடித்தது.

அக்கா: எத்தனை தடவை?

தம்பி: ஏழு. எட்டாவது தடவை காவலாளி ஒரு மாதிரி பார்த்தார். இறங்கினதும் வழக்கம்போலக் கேட்டேன், "இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய்?" என்று. "கதவு மூடும்போது கையை விடக் கூடாது" என்கிறான். ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது.

அக்கா: அவன்தான் நேற்று ராத்திரியே போக வேண்டாம் என்றானே.

தம்பி: உன்னிடமும் சொன்னானா? எந்தக் குழந்தைதான் கிளம்பும்போது அடம் பிடிக்காது? வியாழக்கிழமை என்றால் ஃபீல்டு ட்ரிப். டைம்டேபிளைக் கலைத்தால் எல்லாம் கலைந்துவிடும்.

அக்கா: ஏன் வேண்டாம் என்றான் என்று கேட்டாயா?

தம்பி: ...

அக்கா: புத்தக அலமாரி மேல் வலை போட்ட பெட்டி ஒன்று இருக்கிறதே.

தம்பி: அக்கா! அதையும் கழுவிவிட்டாயா? அதில் கூட்டுப்புழு இருக்கிறது!

அக்கா: இருந்தது. நேற்றே கூடு கறுத்துப்போய், உள்ளே இறக்கைக் கோடு வெளியே தெரிகிற மாதிரி ஆகிவிட்டதாம். "அத்தை, நாளைக்கு வந்துவிடும்" என்று என் காதில் சொன்னான். எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவனுக்குத் தெரியாதா? நீங்கள் ஒன்பது மணிக்குக் கிளம்பினீர்கள். ஒன்பதரைக்கு நான் தூசி தட்டலாம் என்று போகிறேன், கூடு வெடித்திருக்கிறது. ஈரமாக, கசங்கின துணி மாதிரி ஒன்று வெளியே வந்து தலைகீழாகத் தொங்கியது. இதுவா வண்ணத்துப்பூச்சி என்று எனக்கே சந்தேகம். சிவப்பாக ஒரு சொட்டு வேறு விட்டது, ரத்தமோ என்று பயந்துவிட்டேன்.

தம்பி: ரத்தம் இல்லை. கூட்டுக்குள் இருக்கும்போது சேர்ந்த கழிவு. வெளியே வந்ததும் விட்டுவிடும். அப்புறம் உடம்பில் இருக்கிற திரவத்தை இறக்கைக்குள் தள்ளித் தள்ளி விரிக்கும்.

அக்கா: ஆமாம், கண்ணெதிரே விரிந்தது, சுருட்டின பாயைப் பிரிக்கிற மாதிரி. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே தொங்கிக்கொண்டே காய்ந்தது. வலையை எடுத்தேன், இரண்டு தடவை இறக்கையைத் திறந்து மூடியது, ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

தம்பி: வீடியோ எடுத்தாயா?

அக்கா: போன் சமையலறையில் இருந்தது. உன் கணக்கு ஊறிக்கொண்டிருந்தது, மணி பார்க்க வைத்திருந்தேன்.

தம்பி: பதினொரு நாள் காத்திருந்தோம் அக்கா.

அக்கா: அவன் காத்திருந்தான். நீ அவனை ஊசி குத்தின பூச்சியைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். பள்ளிக்கூடம் வேண்டாம், குழந்தை தன் போக்கில் கற்றுக்கொள்ளட்டும் என்று நீ சொன்னபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் சண்டைக்கு வந்தார்கள், நான் ஒருத்திதான் சரி என்றேன். இப்போது பார்த்தால் நீயே பள்ளிக்கூடம் ஆகியிருக்கிறாய். தோசைக்கரண்டியைத் தொட்டால் கேள்வி, குளித்துவிட்டு வந்தால் கேள்வி. பள்ளிக்கூடமாவது நாலு மணிக்கு மணி அடித்து வீட்டுக்கு விட்டுவிடும். இவன் எந்த வீட்டுக்குப் போவான்?

தம்பி: கேட்காவிட்டால் அவனுக்கு என்ன புரிந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: தொட்டிக்குப் பின்னால் எறும்பு வரிசை ஒன்று போகிறது, தெரியுமா?

தம்பி: இல்லையே.

அக்கா: நான்கு நாளாகப் பார்க்கிறான். நடுவில் விரலால் தேய்த்துவிட்டால் இரண்டு பக்கத்து எறும்பும் வழி தெரியாமல் நின்று சுற்றுகின்றனவாம், கொஞ்ச நேரம் கழித்து ஒன்று தைரியமாகத் தாண்டினால் மற்றதெல்லாம் பின்னால் போகிறதாம். அவனே கண்டுபிடித்தது.

தம்பி: ஃபெரமோன்! எறும்பு போகிற வழியில் வாசனை வைத்துக்கொண்டே போகும் அக்கா, அதைத்தான் அழிக்கிறான்! எவ்வளவு பெரிய விஷயம் இது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! நோட்டு எங்கே? எறும்பு படம் போட்டு, ஆறு காலையும் எண்ணச் சொல்லி...

அக்கா: உட்கார்.

தம்பி: இல்லை அக்கா, சூட்டோடு சூடாக...

அக்கா: உட்காருடா. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். "அப்பாவிடம் சொன்னால் அது ஒர்க்‌ஷீட் ஆகிவிடும் அத்தை" என்றான்.

தம்பி: அப்படியா சொன்னான்?

அக்கா: நானும் சொல்லியிருக்கக் கூடாது. சத்தியத்தை மீறிவிட்டேன், நீ ஏதாவது கேட்டு என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே.

தம்பி: இப்போது எங்கே இருக்கிறான்?

அக்கா: வந்ததும் பெட்டியைத்தான் போய்ப் பார்த்தான். காலியாக இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை, நேரே தொட்டிக்குப் பின்னால் போய்விட்டான்.

தம்பி: நானும் போய்ப் பார்க்கட்டுமா?

அக்கா: போ. ஆனால் வாயைத் திறக்காதே.

தம்பி: ஒரே ஒரு கேள்வி...

அக்கா: அதுவும் வேண்டாம். முதலில் இதைக் குடித்துவிட்டுப் போ, பழச்சாறு கலந்து வைத்திருக்கிறேன். ஒன்று கிண்ணத்தில், ஒன்று டம்ளரில். கணக்கு வெந்ததும் கூப்பிடுகிறேன், இரண்டு பேரும் வந்து எண்ணாமல் சாப்பிடுங்கள்.

தம்பி: அந்த உயர டம்ளரை இப்படிக் கொடு.