மைக் பென்ஸ் மின் அதிர்ச்சியை ஆதரித்தாரா?

அமெரிக்கக் குடியரசுக் கட்சி 2016 ஜூலையில் துணை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்த மைக் பென்ஸ், தன்பாலீர்ப்பாளர்களை மின் அதிர்ச்சி கொடுத்து மாற்ற வேண்டும் என்று சொன்னதாக ஒரு செய்தி பரவியது. அவர் அப்படிச் சொன்னதற்குப் பதிவு எதுவும் இல்லை.

இந்தக் கதையின் ஊற்று, 2000-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலுக்காக அவர் நடத்திய இணையதளம். அதன் பழைய பக்கத்தை, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் எவரும் படிக்கலாம். எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு உதவும் ரயன் வைட் சட்டத்தைப் பற்றிய பத்தியில், தங்கள் பாலியல் நடத்தையை மாற்றிக்கொள்ள முயல்வோருக்கு உதவும் நிறுவனங்களுக்கு நிதி செல்ல வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஒருவரின் பாலீர்ப்பையே மாற்ற முயலும் 'மாற்றுச் சிகிச்சை'க்கான ஆதரவு என்று பலர் அதைப் புரிந்துகொண்டனர், அந்த வாசகம் அவ்வாறு புரிந்துகொள்ள இடம் தருவதாகவே எனக்கும் படுகிறது. பென்ஸ் தரப்பு அதை மறுத்தது. எப்படிப் படித்தாலும், மின் அதிர்ச்சி என்ற பேச்சே அதில் கிடையாது.

தன்பாலீர்ப்பாளர் உரிமையை மனத்தில் வைத்து வாக்களிப்பவர்களுக்கு அவருடைய உண்மையான வரலாறே போதுமானது. தன்பாலீர்ப்பாளர்கள் மீது வேலையில் காட்டப்படும் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதாவை 2007-இல் எதிர்த்து வாக்களித்தார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் வாக்குப் பதிவேட்டில் அது இருக்கிறது. இந்தியானா மாநில ஆளுநராக 2015 மார்ச் 26 அன்று சமயச் சுதந்திரச் சட்டத்தில் (மத நம்பிக்கையைக் காட்டித் தன்பாலீர்ப்பாளர்களுக்குச் சேவை மறுக்க இது வழிவிடும் என்று எதிர்ப்பாளர்கள் கருதினர்) கையெழுத்திட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் ஒரே வாரத்தில் அதன் திருத்தத்திலும் கையெழுத்திட்டார்.

ஆகவே, மின் அதிர்ச்சிச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.