எஞ்சின் ஆயில் மாற்றியவனுக்கு மீட்டர் வாரண்டி கிடையாதாம்

என் பைக்கை சர்வீசுக்கு விட்ட ஷோரூமில், புகாரையும் அவர்கள் பதிலையும் குறித்துத் தந்த சீட்டு, அதாவது ஜாப் கார்டின் படத்தைப் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள் என்பதால் முழுக் கதையையும் மறுபடி சொல்லவில்லை. மீட்டர் கண்ணாடிக்குள் மழைநீர் கோத்துக்கொண்டு, காலையில் எண்களே தெரியவில்லை என்பது என் புகார். 'வெளியில் கை வைத்த வண்டி' என்று எழுதி, அதற்கு அடிக்கோடும் இட்டு வாரண்டியை மறுத்தது அவர்களின் பதில். நான் கை வைத்தது எஞ்சின் ஆயிலிலும் செயினிலும் மட்டுமே. பல்வலி என்று போனவனிடம் "முடியை வீட்டிலேயே வெட்டிக்கொண்டீர்களாமே" என்று கேட்டு வாசலோடு திருப்பி அனுப்புகிற மருத்துவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இலவச சர்வீஸ் எதையும் நான் தவறவிடவில்லை. கூப்பன்களில் அவர்களுடைய முத்திரையே இருக்கிறது. இரண்டு சர்வீஸ்களுக்கு நடுவில், என் காசில் வாங்கிய ஆயிலை, என் வீட்டு வாசலில், என் வண்டியில் ஊற்றினேன். செயின் தளர்வை எப்படிப் பார்ப்பது, ஆயில் அளவை எப்படிச் சரிபார்ப்பது என்று வண்டியோடு வந்த கையேடே படம் போட்டு விளக்குகிறது. சீட்டுக்கு அடியில் ஸ்பேனரும் பிளக் கழற்றும் குழாயும் வைத்து அனுப்பியவர்களும் அவர்கள்தான். தொட்டாலே குற்றம் என்றால் அவற்றை எதற்குக் கொடுத்தார்கள், ஆயுத பூஜையன்று சந்தனம் வைப்பதற்கா?

"தவறான ஆயிலை ஊற்றி எஞ்சினைக் கெடுத்துக்கொண்டால் யார் பொறுப்பு?" என்று கேட்பீர்கள். நான்தான் பொறுப்பு. ஆனால் பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது என்பதும், கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள்களால் கிளட்ச் வழுக்கக்கூடும் என்பதும், அதனால்தான் டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அன்று கவுண்டரில் இருந்த தம்பியிடம் அதைப் பற்றிக் கேட்டபோது, அவர் கணினித் திரையைப் பார்த்து "கம்பெனி ஆயில் சார்" என்றார். டிரெயின் போல்ட்டின், அதாவது பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்டின், வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுகிறீர்களா என்று கேட்டதற்கு அந்தப் பதிலும் வரவில்லை. நான் மாற்றுகிறேன். சில ரூபாய் விலையுள்ள அந்தச் சின்ன வளையம் நசுங்கிப் போயிருந்தால், எஞ்சினுக்கு அடியில் ஆயில் துளி துளியாகக் கசிந்து தரையில் கறுப்பு வட்டம் விழும். அந்த வட்டத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஷோரூம் சர்வீஸ் முடிந்து வந்த மறுநாள்தான்.

செயினும் அப்படித்தான். என் வண்டிக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டும். பின்னால் ஆள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும் என்பதற்காகவே அந்த இடைவெளி. அங்கிருந்து வந்தபோது விரலால் அழுத்தினால் அசையவில்லை. செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் பேரிங்கும் தேய்ந்தால் அதற்கும் பில் போடலாம் அல்லவா?

பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020-க்குப் பிறகு ஃப்யூயல் இன்ஜெக்ஷன், சென்சார், ஸ்கேனர் என்று எல்லாம் மாறிவிட்டது, வீட்டில் செய்ய முடியாது என்பார்கள். சரி, அவற்றில் நான் கை வைக்கப் போவதில்லை. ஆயிலும் செயினும் பி.எஸ்.6-க்கு முன்பு எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கின்றன.

வாரண்டி என்றால் அப்படித்தான் இருக்கும், கையெழுத்துப் போடும்போது படிக்கவில்லையா என்று ஒரு நண்பர் அறிவுரை சொன்னார். அவர் ஒன்றைப் படிக்க வேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் வந்ததோ அந்த அளவுக்கே மறுக்கலாம் என்று இருக்கிறது. அது கார்களைப் பற்றியது, மேல்முறையீட்டுக்கும் போனது என்பதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். அதிலுள்ள நியாயம் இரண்டு சக்கரத்துக்குப் பொருந்தாதா? நான் ஊற்றிய ஆயில் எந்த வழியாக ஏறி மீட்டருக்குள் மழைநீரை இறக்கியது என்று யாராவது விளக்கட்டும்.

இவ்வளவும் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். "உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை? ஐந்நூறு ரூபாய்க்குப் போய்..." என்று ஷோரூமின் சர்வீஸ் அட்வைசர் சிரித்ததும், அதையே என் உறவினர் ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'கஞ்சத்தனம்' என்று எழுதியதும்தான் இரண்டு நாள்களாக உள்ளே கிடந்து அறுக்கிறது. என் அப்பா டி.வி.எஸ். 50 வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிளக்கைக் கழற்றி, கரி படிந்த முனையை உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பிறகு என்னிடம் நீட்டுவார். நானும் அதேபோல் தூக்கிப் பார்ப்பேன். என்ன பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குப் பணம் இல்லை என்பது உண்மை. அதனால்தான் அதைச் செய்தார் என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். நகக்கண்ணில் கிரீஸ் இருக்கிற ஆளைப் பார்த்தால் ஒரு படி கீழே வைத்துப் பேசுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. படித்தவன், ஆபீசுக்குப் போகிறவன், அவன் ஸ்பேனரைத் தொட்டால் கஞ்சன். அதையே பிழைப்பாகச் செய்கிறவன் பெயர் வெறும் 'மெக்கானிக் பையன்', அவனுக்கு ஐம்பது வயதானாலும்.

மெக்கானிக்குகளின் பிழைப்பில் மண் போடுகிறேன் என்று வேறு ஒருவர். கழிவு ஆயிலைக் கேனில் பிடித்துக்கொண்டு போய்க் கொடுப்பதும், வால்வ் சத்தம் கேட்டால் போய் நிற்பதும் எங்கள் தெரு முனை அண்ணன் கடையில்தான். அவர் இதுவரை என்னைக் கஞ்சன் என்று சொன்னதில்லை. பில்லில் 'கன்ஸ்யூமபிள்ஸ்' (வேலைக்குச் செலவான சில்லறைப் பொருள்கள்) என்று ஒரு வரியும் சேர்த்ததில்லை.

மீட்டர் வாரண்டியை ஏன் மறுக்கிறார்கள் என்பதைக் காரணத்தோடு எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறேன். மேனேஜர் வரட்டும் என்றார்கள், மேனேஜர் வந்தார், திங்கட்கிழமை வரச் சொன்னார். போவேன். தரவில்லை என்றால் அங்கிருந்தபடியே 1915-க்கு அழைத்து நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.