கள்ளிமுளையானை வேரோடு பிடுங்காதீர்கள்

கள்ளிமுளையானைச் சாக்கு சாக்காகப் பிடுங்குகிற அந்த வீடியோவை இதுவரை 17 பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "உங்க செடிதானே இது?" என்று கேட்டு. ஆமாம், என் செடிதான். இரண்டு நாளாக அந்தச் சாக்குமூட்டை கண்ணை விட்டுப் போகவில்லை.

கரட்டில், அதாவது பாறைக் குன்றில் ஏறிக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிச் சாக்கில் திணித்து, "ஒரே மாதத்தில் எடை குறையும்" என்று கேமராவுக்கு முன்னால் ஆட்டிக் காட்டுகிறார்கள். சாப்பிடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வேரோடு பிடுங்காதீர்கள் என்று மட்டும்தான் கமெண்டில் எழுதினேன். அதற்கு என்னைப் புல்பூண்டுக்கு அழுகிற ஆள் என்கிறார்கள். 400 பேர் அதற்குச் சிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குத் தெரிந்த முகங்களும் உண்டு.

சரி, அந்தப் பூண்டைப் பற்றிச் சொல்கிறேன். பெயரில்தான் கள்ளி. ஒடித்தால் பால் வராது, தண்ணீர்தான் கசியும். எருக்குக்குச் சொந்தக்காரச் செடி. பாறை இடுக்கில் ஒரு கைப்பிடி மண் இருந்தால் போதும். வெயிலுக்கு ஒதுங்கக் காரைச்செடியோ சூரைமுள்ளோ பக்கத்தில் வேண்டும், அவ்வளவுதான். பகலில் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறக்கும். அப்படிச் சேர்த்து வைத்த ஈரத்தில்தான் சித்திரை வெயிலைத் தாண்டுகிறது.

மழைக்காலத்தில் நாலு பட்டைத் தண்டு நுனியில் ஒல்லியாகி நீளும், அதில் பூ தொங்கும். சுண்டுவிரல் நகத்தளவு, கருஞ்சிவப்பா ஊதாவா என்று சொல்ல முடியாத நிறம். இதழ் ஓரத்தில் மெல்லிய மயிர் இருக்கும். பூ அசையாமல் நிற்கும், அந்த மயிர் மட்டும் காற்றில் நடுங்கும். அதைப் பார்க்கப் பாறையில் குப்புறப் படுக்க வேண்டும். நான் படுத்திருக்கிறேன். ஈக்கள்தான் மகரந்தம் சுமக்கும். அப்புறம் இரட்டைக் கொம்பு மாதிரி காய் வெடித்து, பஞ்சு வைத்த விதை பறந்துபோய் இன்னொரு முள்செடிக்குக் கீழே விழுந்தால்தான் அடுத்த செடி. சாக்கில் போனதற்கு விதை ஏது?

"உங்க அப்பத்தா பறிக்கலையா? நீங்க துவையல் சாப்பிடலையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சாப்பிட்டேன். உளுந்தும் மிளகாயும் புளியும் வைத்து அப்பத்தா அரைக்கும் துவையலின் லேசான கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆனால் அவர் இடது கையால் தூரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் நுனியை மட்டும் கிள்ளுவார். பூ வைத்த தண்டைத் தொடமாட்டார். ஒரு தூரில் இரண்டு கிள்ளு, அடுத்த தூருக்குப் போய்விட வேண்டும். எட்டு வயதில் நான் அவசரப்பட்டு இழுத்ததில் ஒரு செடி முழுதாகக் கையோடு வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. அதைத் திரும்ப மண்ணில் செருகச் சொல்லிவிட்டு, நான் செருகி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார். ஒடித்து ஊன்றினாலும் பிழைக்கிற செடி அது. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. வேண்டுமென்றால் நாலு தண்டை வாங்கி மொட்டை மாடித் தொட்டியில் மணல் கலந்து வையுங்கள். வேரோடு பிடுங்க எந்தத் தேவையும் இல்லை.

எடை குறைவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2007இல் வெளியான பெங்களூர் ஆய்வு ஒன்றில், 50 பேரை வைத்து 60 நாள் இதன் சாற்றைச் சோதித்தார்கள். பசியும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. உடல் எடையில், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. வீடியோவில் சொன்ன "ஒரே மாதம்" எங்கிருந்து வந்தது?

ஏழைகள் பிழைப்பில் மண் போடுகிறேன் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இது உண்மையிலேயே வலித்தது. ஆடு மேய்க்கிறவர்கள் பசிக்கு ஒரு தண்டை உப்புத் தொட்டுத் தின்பதை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவர்கள் தின்று எந்தக் கரடும் காலியாகவில்லை. சாக்குக் கணக்கில் கேட்கிறவர் ஏழை இல்லை. பிடுங்கிக் கொடுக்கிறவருக்குக் கூலி எவ்வளவு கொடுத்தார் என்று அவரிடம் யாராவது கேட்டார்களா?

காட்டில் முளைத்தது எல்லாருக்கும் பொது என்பவருக்கு ஒன்றுதான்: பொது என்றால் எனக்கும் உங்கள் பேரனுக்கும் சேர்த்துத்தானே?

மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி மலைக்காக நாமெல்லாம் எவ்வளவு எழுதினோம். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த இடத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்றதும் ஊர் ஊராகக் கிளம்பினார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அன்றைக்கு மலை என்றால் என்ன என்று நினைத்தோம்? பாறை மட்டுமா? அன்று என் பதிவைப் பகிர்ந்தவர்களில் இரண்டு பேர் இன்று அந்தச் சிரிப்பில் இருக்கிறார்கள். எங்கள் கரட்டில் பாதியைக் குவாரி தின்றுவிட்டது. அப்பத்தா கிள்ளிய இடம் இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளம். மிச்சப் பாதியில் போன ஐப்பசியில் காலை முழுக்கத் தேடி நாலு தூர் பார்த்தேன். நாலுதான். ஒன்றில் பூ இருந்தது.

அந்தப் பூவின் படத்தை அன்று போட்டபோது 200 லைக் வந்தது. நேற்றிலிருந்து இன்பாக்ஸில் 6 பேர் லொகேஷன் கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் தரமாட்டேன்.