வயலில் வெடி வைத்துப் பார்க்க அனுமதி கேட்கிறார்கள். கையெழுத்து போடலாமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் திருவாடானைப் பக்கம் எங்கள் ஊரில் இப்போது டீக்கடைப் பேச்சே இதுதான். எண்ணெய், எரிவாயு தேடும் சர்வேக்காக ஒரு கம்பெனி ஆட்கள் வந்து, பட்டாதாரர்களிடம் சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். கூட்டுப் பட்டாவில் என் பெயரும் இருக்கிறது. சித்தப்பா போன் செய்து, "ஏக்கருக்கு ஏதோ தர்றாங்களாம்ப்பா, குழி போட்டுட்டு ரெண்டு நாள்ல போயிருவாங்களாம், என்ன சொல்ற?" என்றார். போட வேண்டாம் என்றேன். ஏன் என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்த சர்வேயால் நிலநடுக்கம் வரும், மண் செத்துப் போகும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். நடப்பது இதுதான். வயலில் வரிசையாக, சில மீட்டரிலிருந்து முப்பது மீட்டர் வரை ஆழத்துக்கு ஒல்லியான குழி போடுவார்கள். அடியில் கொஞ்சம் வெடிமருந்தை இறக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடி வெடிப்பார்கள். அந்த அதிர்வு கீழே போய் ஒவ்வொரு பாறை அடுக்கிலும் பட்டுத் திரும்பி வரும். வயல் முழுக்கக் குத்தி வைத்திருக்கும் ஜியோபோன் கருவிகள் அதைப் பதிவு செய்யும். ஒரு வெடிக்குச் சில விநாடிப் பதிவு, அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்தால் ஊர் அழியாது. பொய்யைச் சொல்லி எதிர்த்தால், அடுத்த கூட்டத்தில் கம்பெனிக்காரர் அதையே பிடித்துக்கொண்டு நம் நியாயமான கேள்விகளையும் ஒதுக்கிவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் 'ஒழுங்காகச் செய்தால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் பக்கத்து நிலத்தடி நீரைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடலோரம் பல இடங்களில் மேலே நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் நிற்கும். அதைத் தாண்டினால் உப்பு. ஊற்று தோண்டுகிறவர்கள், நல்ல தண்ணீர் வந்த இடத்தில் நின்றுகொள்ள வேண்டும், இன்னும் ஒரு முழம் ஆசைப்படக் கூடாது என்பார்கள். அந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு இறங்கும் குழியைக் களிமண்ணோ, நனைந்தால் ஊதி அடைத்துக்கொள்ளும் பென்டோனைட் மண்ணோ போட்டு அடி முதல் நுனி வரை அடைக்காமல், மேலாக ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டுப் போனால், உப்புத் தண்ணீருக்கு நாமே வழி விட்டது போல ஆகிவிடும். அடைத்தார்களா இல்லையா என்று நின்று பார்க்கப் போவது யார்? குழி போடும் ஆட்கள் ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு வருகிறவர்கள். ஒரு நாளில் இத்தனை குழி என்று கணக்கு. வெடிக்காமல் கீழேயே தங்கிவிட்ட மருந்து இருந்தால் அதற்கு யார் பொறுப்பு என்பதும் அந்த ஒரு பக்கக் கடிதத்தில் இல்லை.

அப்புறம் அந்த 'வயல் காலியாத்தானே கிடக்கு' வாதம். புரட்டாசியில் புழுதியில் விதைத்து, தையில் நெல்லை அறுத்துவிட்டால் சும்மா கிடக்கிறது என்று நினைக்கிறார்கள். மிளகாய் போட்ட வயலில் பங்குனி, சித்திரை வரைக்கும் பழம் எடுப்பு நடக்கும். முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம் என்று 2023-ல் பெருமைப்பட்ட மாவட்டம் இது. பழம் எடுக்கிற வயலில் கேபிளை இழுத்துக்கொண்டு இருபது பேர் நடந்தால் என்ன ஆகும்? நஷ்டஈடும் பட்டாவில் பெயர் உள்ளவருக்குத்தான் என்கிறார்கள். எங்கள் பாதி நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு என்று, உழுகிறவர் வேறு ஒருவர். செடி அவருடையது, காசோலை மதுரையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு. இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானது.

பெரிய காரணம் வேறு. "இது ஸ்கேன் எடுக்கிற மாதிரிதான் சார்" என்றாராம் வந்தவர். ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட் நம் கையில் வரும். இங்கே தரவு அரசுக்கும் கம்பெனிக்கும் போகும். என் நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிடும். அமெரிக்காவில், டெக்சாஸ் மாதிரி இடங்களில், நிலத்தோடு அடியில் உள்ள எண்ணெயும் சொந்தமாக இருக்கும் ஆட்கள் உண்டு. அவர்கள் சர்வேக்கே பேரம் பேசிப் பணம் வாங்குவார்கள், எண்ணெய் கிடைத்தால் ராயல்டியும் கேட்பார்கள். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு 'நல்லா கறக்கலாம்' என்று எங்கள் ஊர் இளவட்டங்கள் பேசுவதைக் கேட்டேன். தம்பிகளா, இங்கே எண்ணெய் வளம் மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் இருக்கிறது. கீழே கடலளவு எரிவாயு கிடந்தாலும் அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது. கிடைப்பது மேல் பயிருக்கும் மண்ணுக்குமான நஷ்டஈடு மட்டும்.

வாயு கிடைத்துவிட்டால் அடுத்தது கிணறு, அப்புறம் குழாய். குழாய் விஷயத்தில் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. பயன்பாட்டு உரிமைக்காகத் தருவது சந்தை மதிப்பில் பத்து சதவீதம். மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாயை எதிர்த்துக் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாயிகள் போராடினார்கள், மாநில அரசும் அவர்கள் பக்கம் நின்றது. 2016-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கெயிலுக்குச் சாதகமாகத்தான் வந்தது. அதனால்தான் சொல்கிறேன், நம்மிடம் வந்து 'சம்மதமா' என்று கேட்கிற கட்டம் இந்த சர்வே கட்டம்தான். அதை ஏக்கருக்குச் சில ஆயிரத்துக்கு விட்டுக் கொடுப்பதா?

காவிரி டெல்டாக்காரர்களுக்கு, எண்ணெய், எரிவாயு தேடுவதையும் எடுப்பதையும் தடுக்க 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறது. மீத்தேன் எதிர்ப்பு, நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்கள் எல்லாம் சேர்ந்து வாங்கிக் கொடுத்த சட்டம். அதில் புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடி, ஆவுடையார்கோவில் வரை வருகிறது. அதைத் தாண்டி இந்தப் பக்கம் நாங்கள் இல்லை. 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசிக்கு 20 ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது தெரிந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அனுமதிக்க மாட்டோம் என்று மாநில அரசு சொன்னது. சொன்னது சரி, ஆனால் அறிக்கை வேறு, சட்டம் வேறு.

எங்கள் மாவட்டத்து வழுதூரில் எரிவாயுவில்தான் மின்சாரம் எடுக்கிறார்கள், நீயும் ஃபேன் போட்டுக்கொண்டுதானே எழுதுகிறாய் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எரிவாயுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றால் முழுத் திட்டத்தையும் ஊர் முன்னால் வைத்துக் கேளுங்கள். வீடு வீடாகப் போய், ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில், தனித்தனியாக மடக்கிக் கையெழுத்து வாங்காதீர்கள்.

வருகிற ஞாயிறு ஊர்க் கூட்டம். வேண்டாம் என்பதுதான் என் கருத்து, அதையே அங்கும் சொல்வேன். ஊர் சரி என்று முடிவெடுத்தால் தனியாக மறித்துக்கொண்டு நிற்க மாட்டேன். ஆனால் கடிதம் தமிழில் இருக்க வேண்டும். கிணற்றிலிருந்தும் வீட்டிலிருந்தும் எத்தனை மீட்டர் தள்ளிக் குழி என்று அதில் எழுத வேண்டும். வெடிக்கு முன்னும் பின்னும் ஊற்றுத் தண்ணீரைச் சோதித்து முடிவைத் தர வேண்டும். ஒவ்வொரு குழியும் நம் ஆள் பார்க்க அடைபட வேண்டும். பயிர் நஷ்டஈடு உழுகிறவர் கையில் போக வேண்டும். மிளகாய் எடுத்து முடிக்கும் வரை ஒருவரும் வயலில் இறங்கக் கூடாது என்பதைச் சித்தப்பா சேர்க்கச் சொல்லியிருக்கிறார். வேறு ஏதாவது விட்டுப்போயிருந்தால், இதில் அனுபவப்பட்ட டெல்டா நண்பர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.