மெட்டுப் போட்டவர் பெயரையும் சொல்லுங்கள்

டெல்லி விஜய் சௌக்கில் ஜனவரி 29 அன்று நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் ராணுவ பேண்டுகள் பல பத்தாண்டுகளாக வாசித்துவந்த 'அபைட் வித் மீ' என்ற கிறிஸ்தவப் பாட்டை 2022-இல் எடுத்துவிட்டார்கள். காந்திக்குப் பிடித்த பாட்டு, எழுதியவர் ஹென்றி ஃபிரான்சிஸ் லைட் என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். நான் படித்தவற்றில் ஒன்றில்கூட மெட்டுப் போட்டவர் பெயர் இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. பேண்டு வாத்தியத்துக்கு வார்த்தை ஏது? அங்கே காதில் விழுந்ததெல்லாம் வில்லியம் ஹென்றி மாங்கின் மெட்டுதானே!

லைட் 1847-இல் பாட்டை எழுதினார், அதே ஆண்டு இறந்தும் போனார். அவரே போட்ட மெட்டு ஒன்று உண்டு, அது நிலைக்கவில்லை. மாங்க் லண்டன் ஸ்டோக் நியூயிங்டனில் புனித மத்தியா ஆலயத்து ஆர்கனிஸ்ட். 1861-இல் 'ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்' பாட்டுப் புத்தகத்துக்கு இசைப் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. அதற்காகப் போட்டதுதான் 'ஈவன்டைட்' என்ற இந்த மெட்டு. பெருந்துக்கத்தில் இருந்த நாட்களில், இருவரும் தினமும் சேர்ந்து சூரியன் மறைவதைப் பார்த்திருந்தபோது பிறந்த மெட்டு என்று அவர் மனைவி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நம் கர்நாடக இசைக் கணக்கில் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள். முதல் வரி காந்தாரத்தில் (க) தொடங்கி ஸட்ஜத்துக்கு (ஸ) இறங்கும், அங்கிருந்து ஒரே தாவலில் பஞ்சமம் (ப). இரண்டாம் வரி முடியும் இடத்தில் மட்டும் ஒரே ஒரு பிரதி மத்யமம், அதாவது மற்ற இடங்களில் வரும் சுத்த மத்யமத்தைவிட அரைப்படி உயர்ந்த 'ம'. இருள் கூடுகிறது, என்னோடு இரும் என்று கெஞ்சுகிற வரி அது. மெட்டு அந்தக் கெஞ்சலை அரைப்படி உயர்த்திப் பஞ்சமத்தில் கொண்டுபோய் நிறுத்தும். கடைசியில் ம, க, ரி, ஸ. மாடிப்படி இறங்குவதுபோல, அவ்வளவுதான்.

பாமாலை என்ற தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகத்தில் 'என்னோடிரும், மா நேச கர்த்தரே' என்று நாம் பாடுவதும் இதே மெட்டில்தான். அப்பாவின் அடக்க ஆராதனையில் அதை இழுத்து இழுத்துப் பாடினார்கள். ஒரு வரிக்கு மூன்று மூச்சு. அந்தப் பிரதி மத்யமம் வரும் என்று காத்திருந்தேன், சுத்த மத்யமமாகவே கடந்துபோனது. ஆர்கன் மட்டும் சரியாகப் பிடித்தது. வரிக்குப் பத்து அசை, ஒரு மூச்சில் தாராளமாகப் பாடலாம். துக்கம் என்பதற்காக வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. துக்கத்தை மாங்க் மெட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் அப்பாவின் நினைவு ஆராதனை. தாளில் அந்தப் பாட்டுக்குக் கீழே 'மெட்டு: வி. எச். மாங்க், 1861' என்று அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன்.